சோடியம் 126: உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பதில் பயன்படும். அப்பாவுக்கு வயது 68. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 28 சதவீதம். ஒரு மாதமாகக் கால் வீக்கம், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது. போன வார ரத்தப் பரிசோதனையில் சோடியம் 126, பொட்டாசியம் 3.3, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5. பக்கத்து கிளினிக்கில் "உடம்புல உப்பு குறைஞ்சிருக்கு, சாப்பாட்டுல உப்பைக் கூட்டுங்க" என்றார்கள். இதய மருத்துவரோ தண்ணீரையும் உப்பையும் குறைக்கச் சொல்லி, டால்வாப்டான் 15 மி.கி. மாத்திரையும் எழுதியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அந்த மாத்திரை அவசியமா, இளநீர் கொடுக்கலாமா, மாதக் கடைசியில் குலதெய்வக் கோயில் கொடைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்பைக் கூட்டாதீர்கள். இதய மருத்துவர் சொன்னதே சரி. ஏன் சரி என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தால்தான், அடுத்த முறை ரிப்போர்ட்டில் சோடியம் குறைந்து வந்ததும் யாராவது அன்போடு உப்புக் கஞ்சி காய்ச்சாமல் இருப்பார்கள். பொது மருத்துவனாக நான் பார்த்தவரை, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வீட்டில் நடக்கும் தவறுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். அறியாமையால் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "சோடியம் குறைவு" என்று எழுதிக் கையில் கொடுத்தால் யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

ரிப்போர்ட்டில் வரும் 126 என்பது உடம்பில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் ரத்த நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். சாம்பாரில் அளவாகத்தான் உப்புப் போட்டீர்கள். பிறகு யாரோ இரண்டு செம்பு தண்ணீரைச் சேர்த்து ஊற்றிவிட்டார்கள். ருசித்துப் பார்த்தால் உப்பு இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் போட்ட உப்பு முழுவதும் பாத்திரத்துக்குள்தான் இருக்கிறது. அப்பாவின் உடம்பில் நடந்திருப்பது இதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் சமையல் உப்பில் ஏறக்குறைய 17 மில்லிமோல் (ரிப்போர்ட்டில் சோடியத்தை அளக்கும் அலகு) சோடியம் இருக்கிறது. அப்படியானால் 126 என்பது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 கிராம் உப்பு. ஐந்து கிலோ எடை கூடியிருக்கிறது என்கிறீர்கள். அது சதையோ கொழுப்போ இல்லை, ஐந்து லிட்டர் நீர். காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்கி நிற்கும் அந்த நீரில் மட்டும் சுமார் 35 கிராம் உப்பு கூடுதலாக இருக்கிறது. உப்பு கூடியிருக்கிறது, தண்ணீர் அதைவிடக் கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

தண்ணீர் ஏன் இப்படிச் சேர்கிறது? இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதுமான அளவு தள்ளாதபோது, கழுத்து ரத்தக்குழாயிலும் மகாதமனியிலும் இருக்கும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் "ரத்தம் போதவில்லை" என்று மூளைக்குச் சொல்கின்றன. வெட்டுக்காயம் பட்டு ரத்தம் கொட்டினாலும், வாந்திபேதியில் நீர் வற்றினாலும் போவது இதே செய்திதான். பம்ப் பழுதா, தண்ணீர்த் தொட்டி காலியா என்று பிரித்தறியும் வழி உடம்புக்கு இல்லை. அதனால் தொட்டி காலி என்றே எடுத்துக்கொண்டு நிரப்பத் தொடங்குகிறது. பிட்யூட்டரி சுரப்பி வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாதே என்கிறது. இன்னொரு பக்கம் ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற சங்கிலி உப்பையும் பிடித்து வைக்கிறது. ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் தூண்டும். கால் பானை மாதிரி வீங்கியிருக்கிற ஒருவர் "தொண்டை வறளுது, தண்ணி கொடு" என்று கெஞ்சுவது இதனால்தான். அவர் அடம்பிடிக்கவில்லை. அது உண்மையான தாகம். தயவுசெய்து இதற்காக அப்பாவைத் திட்டாதீர்கள்.

இப்போது உப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? சிறுநீரகம் அந்த உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும், தாகம் கூடும், அவர் இன்னும் குடிப்பார். சாம்பாரில் உப்பையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரு கட்டத்தில் பாத்திரம் வழியும். உடம்பில் வழிவது நுரையீரலுக்குள். சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியை நள்ளிரவில் கொண்டு வந்தார்கள். சோடியம் 127 என்று தெரிந்த நாளிலிருந்து பேத்தி மூன்று வேளையும் உப்புப் போட்ட கஞ்சி, எலுமிச்சை ஊறுகாய், போதாததற்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று ஒரு வாரம் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். வரும்போது பாட்டி உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நுரையீரல் முழுக்க நீர். சோடியமாவது ஏறியிருந்ததா என்றால் அதுவும் இல்லை, 125. அந்தப் பெண் "நான்தான் கெடுத்துட்டேனா டாக்டர்?" என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாட்டி பிழைத்து வீடு திரும்பினார்.

சோடியம் குறைந்திருந்தால் ஆபத்தா என்று கேட்டால், ஆமாம், ஆனால் மறைமுகமாக. 1986ஆம் ஆண்டே வாய் ஹங் லீயும் மில்டன் பேக்கரும் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 203 பேரைப் பார்த்து, சோடியம் குறைந்தவர்களின் ஆயுள் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். பின்னர் அமெரிக்காவில் ஏறக்குறைய 48,600 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஆப்டிமைஸ்-எச்எஃப் பதிவேட்டில், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சோடியம் 135க்குக் கீழே இருந்தது. அவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 6 சதவீதம். சோடியம் சரியாக இருந்தவர்களில் 3.2 சதவீதம். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. அந்த எண் இதயத்தின் நிலையைச் சொல்லும் தகவல். வாசோப்ரெசின் அவ்வளவு சுரக்கும் அளவுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே வைத்தியம் அந்த எண்ணுக்குச் செய்வதைவிட முக்கியமாக இதயத்துக்குச் செய்ய வேண்டும். இதற்கு வலுவான சான்று டால்வாப்டான் பற்றிய பெரிய ஆய்விலேயே கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வைத்தியத்துக்கு முன் மருத்துவர் தீர்மானிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அப்பா "நீர் கோத்த" நிலையில் இருக்கிறாரா, "நீர் வற்றிய" நிலையில் இருக்கிறாரா? இதய நோயாளிக்குச் சோடியம் குறைந்தாலே நீர் கூடித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. நீர் மாத்திரை அதிகமாகி, அல்லது நான்கு நாள் பேதியாகி, நாக்கு வறண்டு, எடை இறங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டும் நிலையிலும் சோடியம் குறையும். அப்போது செய்ய வேண்டியது நேர் எதிர்: நீர் மாத்திரையை நிறுத்தி, கவனமாகச் சலைன் ஏற்ற வேண்டும். பக்கத்து கிளினிக் மருத்துவர் மனதில் ஒருவேளை இந்த நிலை இருந்திருக்கலாம். ஆனால் கால் வீக்கம், ஐந்து கிலோ எடை, படுத்தால் மூச்சு முட்டுவது, இவையெல்லாம் நீர் கோத்ததற்கான அடையாளங்கள். கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா, கல்லீரல் வீங்கியிருக்கிறதா, எக்கோவில் கீழ்ப் பெருஞ்சிரை (உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வரும் பெரிய குழாய்) விரிந்திருக்கிறதா என்று பார்த்து மருத்துவர் உறுதிசெய்வார். கூடவே சர்க்கரை அளவையும் பார்ப்பார்கள். ரத்தச் சர்க்கரை 400, 500 என்று இருந்தால் அதுவே சோடியத்தைக் கீழே இழுத்துக் காட்டும். தைராய்டு, கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முட்டு வலிக்கென்று பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ பல மாதம் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவர்களை நான் குறிப்பாகக் கேட்பேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் சோடியம் சரியும்.

அடுத்தது, நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியல். எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரத்த அழுத்த மாத்திரை. டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை அது. அட்டையில் "எச்" என்று ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக இருக்கும், பலரும் கவனிப்பதில்லை. இது தயசைடு வகை நீர் மாத்திரை. லேசிக்ஸும் நீர் மாத்திரைதான், ஆனால் இரண்டும் சிறுநீரகத்தில் வேலை செய்யும் இடம் வேறு. லேசிக்ஸ், டார்செமைடு போன்றவை சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்கும் உப்புச் செறிவைக் கலைத்துவிடுகின்றன. அந்தச் செறிவு இருந்தால்தான் வாசோப்ரெசினால் தண்ணீரை இழுத்து வைக்க முடியும். ஆகவே லேசிக்ஸால் போகும் சிறுநீரில் உப்பைவிடத் தண்ணீரின் பங்கு அதிகம். தயசைடு அந்தச் செறிவைத் தொடுவதே இல்லை. உப்பை மட்டும் வெளியேற்றி, சிறுநீர் நீர்த்துப்போகும் வழியை அடைத்துவிடுகிறது. விளைவு, சோடியம் இறங்குகிறது. குளோர்தாலிடோன், இன்டபமைடு, மெட்டோலசோன் எல்லாம் இந்தக் குணம் உள்ளவையே. இரண்டாவது, தூக்கமில்லை, மனச்சோர்வு என்று ஆறு மாதமாக அவர் சாப்பிடும் எஸ்சிடாலோபிராம். அது வாசோப்ரெசினைத் தானாகவே கூட்டக்கூடியது. மூன்றாவது, முதுகு வலிக்கு அவ்வப்போது மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக். அது உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயச் செயலிழப்பில் அறவே ஆகாது. டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலைக் காட்டி, "இவற்றை மாற்றலாமா?" என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். தயசைடை எடுத்துவிட்டாலே சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொட்டாசியம் 3.3 என்பதையும் லேசாக விடக் கூடாது. ரத்தத்தில் சோடியத்தின் செறிவு, உடம்பிலுள்ள சோடியம், பொட்டாசியம் இரண்டின் கூட்டுத்தொகையை மொத்த நீரால் வகுத்த விகிதத்தைச் சார்ந்தது என்று 1958இலேயே எடல்மன் காட்டினார். ஆகவே குறைந்த பொட்டாசியத்தை ஈடுசெய்தால் சோடியமும் சற்று ஏறும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பும் தடுமாறும் என்பதால் இது இரட்டை லாபம். ஆனால் அளவு பார்த்து, மருத்துவர் சொன்ன சிரப்பாக மட்டுமே.

இனி முக்கிய வைத்தியம். அப்பாவுக்கு இப்போது தேவை நீரை இறக்குவது, கூடவே இதயத்தின் சுமையைக் குறைப்பது. கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் இந்த அளவு இருக்கும்போது வாய்வழி லேசிக்ஸ் சரியாக உறிஞ்சப்படாது, குடலும் வீங்கியிருக்கும். சில நாள் மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. முதல் ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் எவ்வளவு போகிறது என்று பார்த்தால், மருந்தளவு போதுமா, கூட்ட வேண்டுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். "சோடியம் குறைஞ்சிருக்கே, லேசிக்ஸ் கொடுத்தா இன்னும் குறையாதா?" என்று கேட்பார்கள். நீர் கோத்த நோயாளிக்குப் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. நீர் இறங்கி, இதயம் சற்று நன்றாகத் துடிக்கத் தொடங்கினால் வாசோப்ரெசின் அடங்கும். சோடியம் தானாக ஏறும்.

எனலாபிரில் போன்ற ஏசிஇ தடுப்பான்கள் (முன்பு சொன்ன ரெனின் சங்கிலியை அடக்குபவை) அல்லது சாக்குபிட்ரில்-வல்சார்டான் கூட்டு மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், கார்வெடிலால் அல்லது மெட்டோபுரோலால், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவைதான் இதயச் செயலிழப்பில் ஆயுளைக் கூட்டுபவை. சோடியம் குறைந்திருப்பதைக் காரணம் காட்டி இவற்றைக் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது. லீயும் பேக்கரும் 1986இல் கண்ட இன்னொரு செய்தியும் இதுவே: சோடியம் குறைந்தவர்களிலும் ஏசிஇ தடுப்பான் கிடைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். ஒரே எச்சரிக்கை, இவர்களுக்கு ரெனின் மிக உயர்ந்திருப்பதால் முதல் மாத்திரையிலேயே ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். ஆகவே சின்ன அளவில் தொடங்குவார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்து. சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் இப்போது கொடுக்கிறோம். சிறுநீரில் குளுக்கோஸ் போகும்போது அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படிச் சோடியத்துக்கும் ஒரு சின்ன உதவி கிடைக்கிறது. அப்பாவின் பட்டியலில் இது இல்லை. ஏன் இல்லை என்று கேளுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நாங்கள் எல்லோருக்கும் "ஒன்றரை லிட்டர்" என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். 2025இல் நெதர்லாந்தில் 504 பேரிடம் நடந்த ஃப்ரெஷ்-அப் ஆய்வு, சோடியம் பிரச்சினை பெரிதாக இல்லாமல் நிலையாக இருக்கும் இதய நோயாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டால் தெளிவான நன்மை இல்லை, தாகத் துன்பம்தான் கூடுகிறது என்று காட்டியது. ஆனால் அதை அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள். நீர் கோத்து, சோடியமும் 126 ஆக இருக்கும் இந்த நாட்களில், வெளியே போகாத நீரை உள்ளே விடாமல் இருப்பதில் பொருள் இருக்கிறது. முற்றிய இதயச் செயலிழப்பில் இதன் பலன் உறுதியில்லை என்று 2022 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. அதனால் இதை வைத்தியத்தின் ஒரு கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரைக் கட்டுப்படுத்தியும் சோடியம் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் ஏறாமல் போகலாம். அதற்காக மனம் உடைய வேண்டாம்.

வீட்டில் இதைச் செய்ய ஒரு எளிய வழி உண்டு. காலையில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி அப்பா பக்கத்தில் வையுங்கள். காபி கொடுத்தால் அந்த டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிடுங்கள். ரசம், மோர், கஞ்சி, பாயசம், இட்லிக்கு ஊற்றும் சாம்பார் எல்லாமே கணக்கில் சேரும். நம் வீடுகளில் கணக்கு தவறுவது குடிதண்ணீரில் இல்லை, இவற்றில்தான். ரசத்தைக் குடிக்காமல் சோற்றில் கொஞ்சமாகப் பிசைந்து சாப்பிடச் சொல்லுங்கள். தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்புவது, ஒரு சிறு ஐஸ் துண்டை வாயில் அடக்குவது, ஒரு ஏலக்காயையோ நெல்லிக்காய்த் துண்டையோ மெல்வது உதவும். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருந்தால் சின்ன டம்ளருக்கு மாற்றுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வேர்த்துக் கொட்டும்போதோ, வாந்திபேதி வந்தாலோ இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்து கேளுங்கள்.

இனி டால்வாப்டான். சிறுநீரகத்தில் வாசோப்ரெசின் வந்து உட்காரும் இடத்தை இது அடைத்துவிடுகிறது. உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் மருந்து இது ஒன்றுதான் மாத்திரையாக எளிதில் கிடைக்கிறது. சாம்பாரைக் கொதிக்கவிட்டு வற்ற வைப்பது போல. சோடியம் கண்டிப்பாக ஏறும். ஆனால் 2007இல் வெளியான எவரெஸ்ட் ஆய்வில் 4,133 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு இதைத் தினம் 30 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். எடை இறங்கியது, மூச்சு சற்றுச் சீரானது, சோடியம் ஏறியது. இறப்பு மட்டும் குறையவில்லை: மாத்திரை கிடைத்தவர்களில் 25.9 சதவீதம், கிடைக்காதவர்களில் 26.3. எண்ணைச் சரிசெய்வது ஒன்று, இதயத்தைச் சரிசெய்வது வேறொன்று என்று நான் முன்பு சொன்னது இதனால்தான்.

அதற்காக அது வீண் மருந்து இல்லை. சோடியம் 125க்குக் கீழே போய்க் குழப்பம், தள்ளாட்டம், வாந்தி என்று இருப்பவருக்கும், லேசிக்ஸும் தண்ணீர்க் கட்டுப்பாடும் போதாதவருக்கும் சில நாள் கொடுப்பது பெரிய உதவி. அப்பா 126இல் இருக்கிறார், தயசைடு என்ற சரிசெய்யக்கூடிய காரணமும் தெரிகிறது. நானாக இருந்தால் அதை நிறுத்தி, லேசிக்ஸை ஊசியாக்கி, பொட்டாசியத்தை ஈடுசெய்து, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்றால் தொடங்குவேன். ஆனால் அப்பாவை நேரில் பார்த்தவர் உங்கள் மருத்துவர். அவர் இப்போதே தேவை என்றால் அதற்குக் காரணம் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது ஒன்றுதான்: முதல் மாத்திரையை வீட்டில் போடக் கூடாது. மருத்துவமனையில் தொடங்க வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு அன்றைக்கே மீண்டும் சோடியம் பார்க்க வேண்டும். தொடங்கும் முதல் நாள் தண்ணீர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும், தாகம் எடுத்தால் குடிக்க விட வேண்டும். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் நோய் இருந்தால் இது கூடாது. 2013இல் அமெரிக்க மருந்து ஆணையம் 30 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு விதித்ததும் கல்லீரலை முன்னிட்டே. கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், டில்டியாசெம் போன்றவற்றோடு சேர்ந்தால் ரத்தத்தில் டால்வாப்டானின் அளவு எகிறும்.

ஏன் இவ்வளவு பயம்? சோடியம் பல நாட்களாக மெல்ல இறங்கும்போது மூளைச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் உப்புகளையும் வேறு சில பொருட்களையும் வெளியேற்றி, அந்தக் குறைந்த நிலைக்குப் பழகிக்கொள்கின்றன. ஒரே நாளில் தூக்கி ஏற்றினால் திரும்பப் பழகுவதற்கு நேரம் கிடைக்காது. நரம்புகளின் மேலுறை, குறிப்பாக மூளைத்தண்டில், சிதைந்துபோகும். 1959இல் ஆடம்ஸ், விக்டர், மன்கல் ஆகியோர் முதலில் விவரித்த நோய் இது. இதன் கொடுமை, உடனே தெரியாது. பல வருடம் முன்பு ஒருவரை வேறு ஊரிலிருந்து என்னிடம் மாற்றி அனுப்பினார்கள். சோடியம் 112இல் இருந்து ஒரே நாளில் 131 ஆக்கியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் தெளிவாகப் பேசியிருக்கிறார், குடும்பமே நிம்மதியாக இருந்திருக்கிறது. நான்காம் நாள் நாக்குக் குழறி, விழுங்க முடியாமல், கைகால் மடங்கிப்போனது. அவர் முழுதாகத் தேறவே இல்லை. ஆகவே 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். பொட்டாசியம் குறைந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். "ஒரே நாள்ல நார்மல் ஆக்கிடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். மெதுவாக ஏறுவதுதான் நல்ல வைத்தியம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் அவசரம் உண்டு. வலிப்பு வந்தால், எழுப்பினால் எழாத அளவு மயக்கம் வந்தால், 3 சதவீத அடர் சலைனைச் சிறிய அளவில், 100 அல்லது 150 மில்லியாக, தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுப்பார்கள். நான்கைந்து புள்ளி ஏறினாலே வலிப்பு அடங்கும், அங்கே நிறுத்திவிடுவார்கள். ஆகவே அப்பா ஆள் மாற்றிப் பேசினால், சம்பந்தமில்லாமல் உளறினால், நடக்கும்போது தள்ளாடினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், "வயசாகிடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.

சாப்பாட்டில் எவ்வளவு உப்பு? நாளுக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன், எல்லாச் சமையலையும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் வேண்டாம். இந்துப்பும் சோடியம்தான், அதில் விசேஷம் இல்லை. "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு ஆபத்து. அதே சமயம் சுத்தமாக உப்பில்லாப் பத்தியமும் வேண்டாம். 2022இல் வெளியான சோடியம்-எச்எஃப் ஆய்வில் 806 பேரில் உப்பை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவினருக்கு மருத்துவமனைச் சேர்க்கையோ இறப்போ குறையவில்லை. உப்பில்லாமல் சோறு இறங்காமல் வெறும் காபியும் ரஸ்க்குமாக நாளை ஓட்டும் பெரியவர்களைப் பார்க்கிறேன். தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குப் புரதமும் வேண்டும். பருப்பு, முட்டை வெள்ளை, மீன் என்று நாள்தோறும் ஏதாவது உள்ளே போகட்டும். கிரியாட்டினின் 1.5 என்பதால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளநீர் வேண்டாம். அதில் சோடியம் கொஞ்சம், பொட்டாசியம் நிறைய, போதாததற்கு ஒரு காயில் கால் லிட்டருக்கு மேல் நீர். இன்றைக்குப் பொட்டாசியம் 3.3 தானே என்று தோன்றும். தயசைடு நிறுத்தப்பட்டு, ஸ்பைரோனோலாக்டோன் தொடர்ந்து, கிரியாட்டினினும் 1.5 இருக்கையில், அடுத்த வாரமே அது 5.5 ஆகிவிடலாம். அப்போது இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

கொடைக்கு அழைத்துப் போகலாம் என்றே நினைக்கிறேன், சில நிபந்தனைகளோடு. தினம் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பாருங்கள். இரண்டு முறையும் சோடியம் 130க்கு மேல் நின்று, எடை ஏறாமல், ஒரு தலையணையில் படுக்க முடிந்தால் கிளம்புங்கள். எடை பார்க்கும் கருவியையும் நோட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் விழா முடியும்வரை காத்திருக்காமல் திரும்பிவிடுங்கள். பேருந்தில் அடிக்கடி இறங்க முடியாது என்று அன்று லேசிக்ஸைப் போடாமல் விடுவார்கள். விடாமல், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். கோயிலில் மதியத்துக்கு மேல் நிழலில் உட்கார வைத்து, கொடுக்கும் பானகத்தையும் மோரையும் அந்தப் பாட்டில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசாதம் ஒரு கை சாப்பிடட்டும்.